அந்த ஒன்பது கஜம் எதன் கஜம்?

கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீடு. மணப்பெண்ணுக்கு மடிசார் கட்டிவிட்டுக்கொண்டிருந்த என் அத்தை, கொசுவத்தை விரலிடுக்கில் மடித்தபடியே என்னைக் கேட்டார்: "நீ இங்கிலீஷ் டீச்சர்தானே? 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்கிறார்களே, அது நம் ஒன்பது கஜத்தைப் பார்த்துத்தான் வந்தது, தெரியுமா உனக்கு?" அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள். எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு விஷயத்தை ஒன்று விடாமல், அடி முதல் நுனி வரை, முழுக்க முழுக்க என்று சொல்ல ஆங்கிலத்தில் வழங்கும் சொற்றொடர் அது. ஒரு முழு மடிசார் புடவை ஒன்பது கஜம். ஆகவே முழுமை என்றால் ஒன்பது கஜம். பூட்டும் சாவியும் போலப் பொருந்தியது.

அந்த விளக்கத்தை இரண்டு ஆண்டுகள் வகுப்பில் சொன்னேன். மூன்றாம் ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், எங்கள் வீட்டில் எல்லோரும் கட்டுவது ஆறு கஜம். அப்படியென்றால் 'ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்' என்றும் ஒன்று இருந்திருக்க வேண்டுமே?" வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. அன்று இரவே தேட ஆரம்பித்தேன். அவள் கேட்ட 'முழு ஆறு கஜம்' நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் உண்மையாகவே அச்சேறியிருந்தது. புடவைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தத் தேடலில் கண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆளுக்கொரு கதை

ஆங்கில மரபுத்தொடர்களில் இந்த அளவுக்கு விளக்கங்கள் குவிந்த வேறொன்றைக் காண்பது அரிது. எல்லா விளக்கங்களுக்கும் அமைப்பு ஒன்றே: ஒன்பது கஜம் இருக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடி, அதுதான் மூலம் என்று சொல்.

எல்லாவற்றிலும் பரவலானது போர்விமானக் கதை. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக்குப் போடும் குண்டுப்பட்டை 27 அடி நீளம், அதாவது ஒன்பது கஜம். விமானி அத்தனையையும் எதிரி மேல் தீர்த்துவிட்டால் 'முழு ஒன்பது கஜத்தையும் கொடுத்தேன்' என்பானாம். கேட்டவுடன் நம்பத் தோன்றும் கதை. நானும் இதைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆனால் விவரங்களைத் தொட்டால் இழை பிரிகிறது. தொடக்ககால ஸ்பிட்ஃபயர் விமானத்தில் எட்டுத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 குண்டுகள். அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட்டிலும் எட்டுத் துப்பாக்கிகள், ஆனால் குண்டின் பருமன் பெரிது, ஒவ்வொன்றுக்கும் 425 வரை போடலாம். இரண்டின் பட்டைகளும் ஒரே நீளம் இருக்க வாய்ப்பே இல்லை. அதைவிட முக்கியம், படையில் குண்டுகளை எண்ணிக்கையில்தான் கணக்கிட்டார்கள். துணியைப் போலக் கஜக்கோலால் யாரும் அளக்கவில்லை. போர்க்காலத்து எழுத்து மலைபோல் குவிந்து கிடக்கிறது: கடிதங்கள், நாட்குறிப்புகள், படை இதழ்கள், கொச்சைச்சொல் தொகுப்புகள். அவற்றில் எதிலும் இந்தச் சொற்றொடரை இந்தப் பொருளில் யாரும் காட்டவில்லை.

அடுத்தது கான்கிரீட் லாரி. சிமெண்ட் கலவை லாரியின் முழுக் கொள்ளளவு ஒன்பது கன கஜம் என்பது வாதம். நியூயார்க் டைம்ஸில் நெடுங்காலம் மொழிப் பத்தி எழுதிய வில்லியம் சஃபயர் 1980களில் தொடங்கி இந்தப் புதிரைத் திரும்பத் திரும்ப வாசகர்கள் முன் வைத்தார். அவர் சாய்ந்த பக்கமும் இதுதான். ஆனால் அந்தத் தொழிலின் கணக்கே இதற்கு எதிராக நிற்கிறது. 1962இல் அமெரிக்கக் கலவை லாரிகளின் சராசரி அளவு 6.24 கன கஜம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை நாலரை கன கஜம்தான் வழக்கம். ஒன்பது கஜ லாரி பரவலாகும் முன்பே சொற்றொடர் மக்கள் வாயில் இருந்தது.

மற்றவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரர்களின் கில்ட் உடுப்புக்கு ஒன்பது கஜத் துணி என்பார்கள். ஸ்காட்லாந்தின் பழைய எழுத்துகளில் இந்தத் தொடர் இல்லை. அமெரிக்கக் கால்பந்து என்பார்கள். அந்த ஆட்டத்தில் தாண்ட வேண்டியது பத்து கஜம், ஒன்பதில் நின்றால் அது குறைதான். கப்பல் கதையில் 'யார்ட்' என்பது அளவே இல்லை, பாய் கட்டும் குறுக்குமரம். மூன்று பாய்மரம், ஒன்றுக்கு மூன்று குறுக்குமரம், மொத்தம் ஒன்பது என்று கூட்டுகிறார்கள். பாய்க்கப்பல் காலத்து மாலுமிகளின் எழுத்தில் அதற்குச் சான்று கிடையாது. கோட்டு சூட்டுக்கு ஒன்பது கஜம், பிணம் போர்த்தும் துணிக்கு ஒன்பது கஜம் என்று இன்னும் நீளும்.

இந்த வரிசையில் நம் புடவையும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என் மனம் அதற்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை.

தேதி என்னும் அளவுகோல்

சொல்லின் பிறப்பைத் தேடுகிறவர்கள் கதை எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று பார்ப்பதில்லை. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பொருளில் அச்சாகியிருக்கிறது என்று கேட்கிறார்கள். பேரன் பிறந்த பிறகு தாத்தா பிறக்க முடியாது. இந்த ஒரு விதியே பல கதைகளை அடித்துச் சாய்த்துவிடும்.

நீண்ட காலம் கையில் இருந்த சான்று 1967இல் வந்த, வியட்நாம் போரில் அமெரிக்க விமானப்படையினரைப் பற்றிய ஒரு புத்தகம். விமானி வாயில் சொல் இருந்ததால் போர்விமானக் கதைக்கு வலுக் கூடியது. பிறகு 1964ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று அகப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நாளிதழில் ஏப்ரலில் வந்த அந்தக் கட்டுரை, விண்வெளித் துறையினரின் குழூஉக்குறிகளை வாசகர்களுக்கு விளக்கியது. ஒரு திட்டத்தைப் பற்றி ஒவ்வொரு அம்சமாக அறிக்கை தருவதுதான் 'முழு ஒன்பது கஜத்தையும் கொடு' என்பதற்குப் பொருள் என்றது.

அடுத்த படி 1962. மிச்சிகனில் வெளிவந்த ஒரு சிறுகதை. வீடு, பிள்ளைகள், மரியாதை, கல்லூரிப் பேராசிரியர் என்ற அந்தஸ்து என்று அடுக்கிக்கொண்டே போகும் ஒரு வாக்கியம், வீட்டுக்கு வரும் பிரஷ் விற்பனையாளர் ஒருவர் ஆசையாகச் சொல்கிற சொல்லாக 'முழு ஒன்பது கஜம்' என்பதில் முடிகிறது. அங்கே விமானமும் இல்லை, லாரியும் இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கிப் பிரஷ் விற்பவரின் வாய்ச்சொல் அது.

அதன்பின் பழைய செய்தித்தாள்கள் லட்சக்கணக்கான பக்கங்களாகக் கணினிக்குள் வந்தன. முன்பு அகராதிக்காரர்கள் படித்ததையெல்லாம் காகிதத் துண்டுகளில் குறித்துச் சேர்த்த வேலையை இப்போது தேடுபொறி செய்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே பழைய இதழ்களை இலவசமாகப் பார்வைக்கு வைத்திருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளரான பானி டெய்லர்-பிளேக் ஓய்வு நேரத்தில் இந்தச் சொற்றொடரை விடாமல் துரத்தினார். யேல் சட்டக் கல்லூரி நூலகரும் மேற்கோள் அகராதித் தொகுப்பாளருமான ஃப்ரெட் ஷபிரோவும் இதே தேடலில் இருந்தார். 2012இல் முக்கியமான பிடிகள் கிடைத்தன. கென்டக்கி மாநில மீன்வளம், வனவிலங்குத் துறையின் இதழில் 1956ஆம் ஆண்டு வந்த மீன்பிடிப் போட்டி பற்றிய கட்டுரையில் 'முழு ஒன்பது கஜம்' இருந்தது. அதே மாநிலத்து மவுண்ட் வெர்னான் என்ற சிற்றூரின் வாரப் பத்திரிகையில், 1912இல், இருந்தது 'முழு ஆறு கஜம்'.

என் மாணவியின் கேள்விக்கு விடை இதுதான். இந்த வரியைப் படித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. உடனே அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்த 1912ஆம் ஆண்டு மே மாதக் குறிப்பு அரசியல் சார்ந்தது. தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜனாதிபதி டாஃப்டும் குடியரசுக் கட்சிக்குள் மோதிக்கொண்டிருந்த ஆண்டு அது. இருவரின் சண்டை சூடேறட்டும், முழு ஆறு கஜத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுதுகிறார். அடுத்த மாதமே அதே பத்திரிகையில் இன்னொரு குறிப்பு: சில நாள் ஊரில் இல்லாததால் எல்லாச் செய்தியும் சேர்க்க முடியவில்லை, அடுத்த இதழில் முழு ஆறு கஜத்தையும் தருகிறோம். 1921இல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் நகரத் தாளில் ஒரு பேஸ்பால் செய்திக்குத் தலைப்பே 'அதன் முழு ஆறு கஜமும்'.

போர்விமானக் கதையும் கான்கிரீட் கதையும் இந்த இடத்தோடு முடிந்தன. 1912இல் துப்பாக்கி பூட்டிய போர்விமானமே கிடையாது.

மிட்செல் ஊரின் ரோஸ்கோ

இதற்கும் பிறகு கிடைத்தவைதான் எனக்கு மிகவும் பிடித்த சான்றுகள். இந்தியானா மாநிலத்தின் தென்பகுதியில் மிட்செல் என்று ஒரு சிற்றூர். அந்த ஊரின் பத்திரிகை 'மிட்செல் கமர்ஷியல்'. 1908 ஜூன் மாத இதழில் உள்ளூர்த் துணுக்கு ஒன்று. ரோஸ்கோ என்பவர் மீன்பிடிக்கப் போய் வந்திருக்கிறார். சொல்வதற்குப் பெரிய கதை வைத்திருக்கிறார். அதை அவர் இறக்கிவைக்கும்வரை நின்று கேட்க எங்களால் ஆகாது. ஒன்றும் அறியாத யாராவது ஒருவரை ஒரு நாள் பிடித்து அவரிடம் முழு ஒன்பது கஜத்தையும் கொடுத்துவிடுவார். இதுதான் செய்தி.

1907 மே மாதத்தில் அதே தாளில் இன்னொன்று. பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒரு பேஸ்பால் ஆட்டம். ஊரின் வழக்கமான அணிக்கு எதிராகக் கடைக்காரர்களும் வியாபாரிகளும் ஆடப் போகிறார்கள், தாங்கும் வரை ஆடுவார்கள், ஆனால் 'முழு ஒன்பது கஜத்துக்கு' உறுதி சொல்ல முடியாது என்கிறது குறிப்பு. பேஸ்பாலில் அணிக்கு ஒன்பது பேர், ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று. அணியையே 'ஒன்பது' என்று சொல்லும் வழக்கமும் உண்டு. சுற்று என்று எழுத வேண்டிய இடத்தில் கஜம் என்று எழுதிச் சொல்லோடு விளையாடியிருக்கிறார் அந்தச் செய்தியாளர். ஊராருக்குத் தெரியாத சொல்லை வைத்து இப்படி விளையாட முடியாது. ஆகவே 1907இல் அந்த ஊரில் சொற்றொடர் பழகிய ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு.

மிட்செலைப் பற்றிப் படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவரான கஸ் கிரிஸம் 1926இல் பிறந்த ஊர் அது. 1964ஆம் ஆண்டுக் கட்டுரையோ விண்வெளித் துறையினரின் பேச்சைப் பற்றியது. இரண்டையும் முடிச்சுப் போட என் கை பரபரத்தது. மிட்செல்காரர் ஒருவர் ஊர்ச்சொல்லை விண்வெளித் துறைக்குக் கொண்டுபோனார் என்றால் எவ்வளவு நல்ல கதை! ஆனால் அதற்கு ஒரு வரிச் சான்றும் இல்லை. மடிசார் கதையும் குண்டுப்பட்டைக் கதையும் பிறந்தது இப்படி ஒரு நிமிடத்தில்தான் என்று அப்போது உறைத்தது.

ஆறா, ஒன்பதா

ஆறு கஜம் கிடைத்ததும் ஷபிரோ சொன்ன விளக்கம் எளிமையானது. குறிப்பிட்ட எந்தப் பொருளின் நீளமும் இதற்கு மூலம் அல்ல. எண் சும்மா ஏறிக்கொண்டே போனது என்றார். ஆங்கிலத்தில் ஆனந்தத்தின் உச்சியில் இருப்பவரை 'ஒன்பதாம் மேகத்தில் இருக்கிறார்' என்பார்கள். அதுவும் முன்பு ஏழாம் மேகம், எட்டாம் மேகம் என்றெல்லாம் புழங்கித்தான் ஒன்பதில் நிலைத்தது. ஒரு சொற்றொடர் ஆறாகவும் ஒன்பதாகவும் இருந்திருக்குமானால், ஒன்பது கஜம் நீளமுள்ள பொருளைத் தேடி அலைவதே வீண்.

பிறகு மிட்செல் சான்றுகள் வந்து இந்த விளக்கத்திலும் ஒரு திருத்தம் போட்டன. இப்போது கையில் இருப்பவற்றில் ஒன்பதுதான் மூத்தது, ஆறு இளையது. ஆறு வளர்ந்து ஒன்பதாயிற்று என்பதை இனி அப்படியே சொல்ல முடியாது. ஆனால் அடிப்படை வாதம் அசையவில்லை. ஐந்து ஆண்டு இடைவெளியில், பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில், ஒரே பொருளில் இரண்டு எண்களும் புழங்கியிருக்கின்றன. சொன்னவர்களுக்கு எண் முக்கியமாக இருக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்குச் சிரமம் இருக்காது. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்கிறோம். எந்த நாலு பேர் என்று யாரும் கேட்பதில்லை. 'நாலு காசு பார்க்க வேண்டும்', 'நாலு இடம் போய் வந்தவன்', 'ஆயிரத்தெட்டு வேலை கிடக்கிறது' எல்லாம் அப்படித்தான். நாளை ஒருவர் வந்து, பாடை தூக்கும் நால்வரைக் குறித்துத்தான் 'நாலு பேர்' வந்தது, மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது என்று உறுதியாகச் சொன்னால் நாம் நம்பிவிடும் ஆபத்தும் இருக்கிறது. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்ற பழமொழியின் 'உண்மையான' வடிவம் 'ஆயிரம் வேரைக் கண்டவன்' என்று கைபேசிக்குக் கைபேசி வந்துகொண்டிருக்கிறது. எந்தப் பழைய தொகுப்பில் வேர் என்று இருக்கிறது என்பதை அனுப்புகிறவர்கள் சொல்வதில்லை. பொருத்தம் அழகாக இருந்துவிட்டால் சான்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் இப்படி ஒரு கதையை இரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

துணியும் கதையும்

சரி, எண் போகட்டும். கஜம் எங்கிருந்து வந்தது?

இதற்கு 1855ஆம் ஆண்டுச் சிரிப்புக் கதை ஒன்றைக் காட்டுகிறார்கள். அதுவும் இந்தியானாவில், நியூ ஆல்பனி நகரத் தாளில் வந்தது. ஒரு நீதிபதிக்குச் சட்டைகள் தேவை. மூன்று சட்டைக்குப் போதுமான துணி வாங்கித் தைக்கச் சொல்கிறார். தைத்து வந்ததைப் பார்த்தால் அவர் உடம்புக்குள் இரண்டு மூன்று பேர் நுழையலாம் போன்ற ஒரே ஒரு சட்டை. "மூன்று சட்டை தைக்கச் சொன்னால், முழு ஒன்பது கஜத்தையும் ஒரே சட்டையில் போட்டுவிட்டாளே!" என்று அலறுகிறார் நீதிபதி. இங்கே ஒன்பது கஜம் என்பது நேரடி அளவு, சட்டைக்கு மூன்று கஜம் என்ற கணக்கு. மரபுத்தொடர் இல்லை. இந்தக் கதைக்கும் மிட்செல் குறிப்புக்கும் நடுவே அரை நூற்றாண்டு இடைவெளி. ஆகவே இதுதான் மூலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் காட்டுகிறது: அந்தக் காலத்தில், அந்த வட்டாரத்தில், சாதாரண மனிதர்கள் 'யார்ட்' என்ற சொல்லை அன்றாடம் கேட்ட இடங்களில் ஒன்று துணிக்கடை.

சான்றுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்கு வேறொன்றும் தென்பட்டது. தொடக்ககாலக் குறிப்புகளில் பெரும்பாலானவை எதையாவது சொல்வதைப் பற்றியவை. ரோஸ்கோ மீன் கதை சொல்லப் போகிறார். அரசியல்வாதிகள் ஊழலைச் சொல்லப் போகிறார்கள். பத்திரிகையாசிரியர் விடுபட்ட செய்தியை அடுத்த வாரம் சொல்லப் போகிறார். 1921இல் ஆட்டத்தின் முழு விவரம், 1964இல் கூட ஒவ்வொரு அம்சமாக அறிக்கை. அளக்கப்படுவது பேச்சு.

இங்கேதான் தமிழ் எனக்குக் கைகொடுத்தது. நாம் கதை 'அளக்கிறோம்'. ஒருவன் மிகையாகப் பேசினால் 'அளந்து விடுகிறான்' என்கிறோம். 'சரடு விடுகிறான்', 'கயிறு திரிக்கிறான்' என்கிறோம். 'நீட்டி முழக்காதே' என்கிறோம். ஆங்கிலத்திலும் கதை சொல்வதை நூல் நூற்பதாகச் சொல்லும் வழக்கு உண்டு. பேச்சு நீளமானது, அதைத் துணிபோல் விரிக்கலாம், அளந்து கொடுக்கலாம் என்ற எண்ணம் இந்தியானாக்காரருக்கும் நமக்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று இதற்குப் பொருளில்லை. ரோஸ்கோவைப் பற்றிய துணுக்கைத் தமிழாக்கச் சொன்னால், கஜம் என்ற சொல்லைத் தொடாமல் 'முழுக் கதையையும் அளந்துவிடுவார்' என்றே எழுதுவேன். ஒரு சொட்டுப் பொருளும் சிந்தாது.

புடவைக் கதை ஏன் நிற்கவில்லை என்பதையும் இப்போது தெளிவாகச் சொல்லலாம். அது இந்தியாவிலிருந்து போன சொல்லாக இருந்தால் இங்கிருந்த ஆங்கிலேயரின் எழுத்தில், அல்லது பிரிட்டனின் எழுத்தில், முதலில் தென்பட்டிருக்க வேண்டும். தென்படுவதோ இந்தியானா, கென்டக்கி சிற்றூர்த் தாள்களில், மீன்பிடிப்புக்கும் பேஸ்பாலுக்கும் நடுவே. ஆறும் ஒன்பதும் புடவையின் இரண்டு அளவுகளாக அமைந்தது தற்செயல். தற்செயல் இவ்வளவு கச்சிதமாக இருக்க முடியுமா என்று அத்தை கேட்டார். இருக்க முடியும் என்றேன். நம்பவில்லை.

இன்னொரு சிறு விவரமும் உண்டு. என் பாட்டியின் பழைய அரக்குப் பட்டு ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதைக் கூடத்தில் விரித்து, தையல்காரரின் நாடாவால் அளந்தேன். ஒன்பது கஜம் என்றால் 8.23 மீட்டர் வர வேண்டும். வந்தது எட்டு மீட்டரும் ஏழு சென்டிமீட்டரும். ஒன்பது கஜப் புடவையே ஒன்பது கஜம் இல்லை. பாட்டி அதைக் கஜத்தில் சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை. 'பதினெட்டு முழம்' என்றுதான் சொல்வார்.

மறுவாரம் வகுப்பில் மிட்செல், மவுண்ட் வெர்னான், ஆறு கஜம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பு சொன்னது தவறு என்றும் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவி கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். மணி அடித்துப் பிள்ளைகள் எழுந்த பிறகு மேசையருகே வந்து நின்றாள்.

"மேடம், 'சரடு விடுகிறான்' என்கிறோமே, அது எந்தச் சரடு?"

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய தமிழ் அகராதித் தொகுதியை நூலகத்திலிருந்து எடுத்து வந்து மேசை மேல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவளும் வருகிறாள்.